கூரை இல்லாத காருக்கு முதுகெலும்பு எது?

எம்.ஜி.பி.ன்னு ஒரு கார், மக்களே. இங்கிலாந்துல அபிங்டன் ஊர்ல 1962-லேருந்து 1980 வரைக்கும் செஞ்சாங்க. திறந்த மாடலுக்கு மேல துணிக்கூரைதான். தனி சேசிஸும் கிடையாது. வண்டியைத் தாங்குறதே கதவுக்குக் கீழே நீளமா ஓடுற 'சில்'ங்கிற இரும்புத் தகரப் பெட்டிதான். மழையும், பனிக்காக ரோட்டுல தூவுற உப்பும் முதல்ல அரிக்கிறதும் அதைத்தான்! அவசரப்பட்டு வெட்டுனா வண்டி நடுவுல தொய்ஞ்சிடும், கதவு சாத்தாது. அதனால கதவு இடைவெளியில இரும்பு முட்டுக் கொடுத்துட்டுத்தான் அறுப்பாங்க.

1988-ல பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ், பழைய அச்சுகளைத் தேடிப்பிடிச்சு முழு பாடியையே மறுபடி செஞ்சு விக்க ஆரம்பிச்சது. எஞ்சின் பழசு, உடம்பு புதுசு. அப்ப அது 1965 வண்டியா, 1988 வண்டியா? எனக்கென்னவோ பழசுதான்னு படுது. 1992-ல ரோவர் கம்பெனியே அந்த பாடியைக் கொஞ்சம் மாத்தி ஆர்வி8-ன்னு புது மாடல் விட்டுச்சு (கூத்தைப் பாருங்க!).