ஆக்ராவின் அந்தக் கரை

ஆக்ரான்னா தாஜ்மகால், தாஜ்மகால்னா கூட்டம். இதுல யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. டெல்லியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, வரிசையில் நின்று, அந்த பெஞ்சில் உட்கார்ந்து போட்டோ எடுத்து, கோட்டையை ஒரு சுத்து சுத்தி, பூசணிக்காய் பேட்டா ரெண்டு டப்பா வாங்கி ராத்திரிக்குள்ள டெல்லி திரும்புவதுதான் நம்ம மக்களின் ஆக்ரா. தப்பில்லை. தாஜ் அவ்வளவு கூட்டத்துக்கும் தகுதியானதுதான். ஆனா யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு கரை இருக்கு. தாஜ்மகால் ஏன் அப்படி இருக்கு என்பதற்கான பாதி பதில் அங்கேதான் கிடக்கு. நான் நொய்டாவில் வேலை பார்த்த நாட்களில் ரெண்டு மூணு சனிக்கிழமைகளை அந்தக் கரையில் கழிச்சிருக்கேன். பல நேரம் வாட்ச்மேன், அணில், நான், அவ்வளவுதான் :-)

முதலில் பாபர். 1526-ல் பானிபட்டில் ஜெயிச்சு ஆக்ராவுக்கு வந்தவருக்கு ஊர் சுத்தமா பிடிக்கலை. வெயில், புழுதி, நல்ல திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை என்று தன் சுயசரிதையில் ஒரு புலம்பல் பட்டியலே போட்டிருக்கார். மே மாசத்துல ஆக்ரா போனவங்களுக்கு அவர் மேல பரிதாபம்தான் வரும். அவர் கண்டுபிடித்த தீர்வு, ஆற்றின் கிழக்குக் கரையில் கிணறு வெட்டி, கால்வாய் இழுத்து, நாலு பாகமாகப் பிரித்த தோட்டங்களைப் போட்டது. அவரைப் பார்த்து கூட வந்த பிரபுக்களும் ஆளுக்கொரு தோட்டம் போட, ஊர்க்காரர்கள் அந்தக் கரைக்கே 'காபூல்' என்று பேர் வைத்துவிட்டார்கள். வெளிநாட்டுக்காரங்க குடியிருக்கும் தெருவுக்கு நம்ம ஊர்ல பேர் வைப்பாங்களே, அது மாதிரி.

அடுத்த நூறு வருஷத்தில் இரண்டு கரையிலும் சேர்த்து நாற்பதுக்கு மேற்பட்ட தோட்டங்கள் வந்துவிட்டன. முகலாய ஆக்ரா என்பது கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர் மட்டுமல்ல, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்த தோட்டங்களின் வரிசையும்தான். இதை விரிவாக ஆராய்ந்தவர் எப்பா கோஹ் என்ற வரலாற்றாசிரியர். ஜெய்ப்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் 18-ஆம் நூற்றாண்டு வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு, எந்தத் தோட்டம் எங்கே இருந்தது, யாருடையது என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். 2006-ல் வந்த அவருடைய தாஜ்மகால் புத்தகத்தைப் படிச்ச பிறகுதான் எனக்கு அந்தக் கரை மேல ஆசையே வந்தது.

தோட்டம் எப்படிக் கல்லறை ஆனது? இதில் ஒரு சுவாரசியமான கணக்கு இருக்கு. முகலாய ஆட்சியில் ஒரு பிரபு செத்தா அவர் சொத்து அரசாங்கத்துக்குப் போயிடும், பிள்ளைகளுக்குத் தானா வராது. ஆனா அந்தத் தோட்டத்துக்குள் அவரைப் புதைத்து மேலே ஒரு மண்டபம் எழுப்பிட்டா, அது கல்லறை. கல்லறையை யாரும் பிடுங்க மாட்டாங்க. பக்தி, பாசம் எல்லாம் உண்டுதான், கூடவே கொஞ்சம் பத்திரப்பதிவு மூளையும் உண்டு.

இந்த வரிசையில் முக்கியமானது இத்மாத் உத் தௌலாவின் கல்லறை. ஆட்டோக்காரரிடம் அந்தப் பேரைச் சொன்னா முழிச்சாலும் முழிப்பார். 'பேபி தாஜ்' என்று சொன்னா உடனே வண்டியை எடுப்பார். எனக்கு எரிச்சலைக் கிளப்பும் பேர் அது. ஏன்னு சொல்றேன்.

மிர்ஸா கியாஸ் பேக் பாரசீகத்திலிருந்து பிழைப்பு தேடி வந்தவர். வரும் வழியில் கந்தஹாரில் பிறந்த மகள்தான் மெஹருன்னிசா. அக்பரிடம் வேலைக்குச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவருக்கு ஜஹாங்கீர் கொடுத்த பட்டம் இத்மாத் உத் தௌலா, 'அரசின் தூண்' என்று அர்த்தம். 1611-ல் மகளை ஜஹாங்கீர் மணக்க, அவள் நூர்ஜஹான் ஆனாள். அப்பா பிரதான மந்திரி, அண்ணன் ஆஸஃப் கான் அரசவையில் பெரிய கை. ஆஸஃப் கானின் மகள் அர்ஜுமந்த் பானு, இளவரசர் குர்ரத்தை மணந்தாள். குர்ரம்தான் பின்னாளில் ஷாஜஹான். அர்ஜுமந்த் பானுதான் மும்தாஜ் மகால்.

ஆக, மும்தாஜுக்கு இந்த மிர்ஸா கியாஸ் தாத்தா. அவர் இறந்தது 1622-ல். நூர்ஜஹான் கட்டிய கல்லறை 1628-ல் முடிந்தது. தாஜ்மகால் ஆரம்பித்ததே 1632 வாக்கில். எந்தக் கணக்கில் தாத்தா கல்லறை பேத்தி கல்லறைக்கு பேபி ஆச்சு? எங்க துறை பாஷையில் சொன்னா, முதல் வெர்ஷனை எடுத்து வச்சுக்கிட்டு, இது ரெண்டாவது வெர்ஷனோட டெமோ என்று சொல்ற மாதிரி.

உள்ளே போனா இது பந்தயத்தில் தோற்ற கட்டடம் இல்லை என்பது புரியும். வெளிச்சுவர் முழுக்க வெள்ளைப் பளிங்கு போர்த்தி, அதில் வண்ணக் கற்களைச் செதுக்கிப் பதிக்கும் வேலையை இவ்வளவு விரிவாகச் செய்த முதல் பெரிய முகலாயக் கட்டடம் இது. அதற்கு முன் சிவப்புக் கல்தான் பிரதானம். பளிங்கு அங்கங்கே வரும். தாஜில் வெள்ளை ஆட்சி செய்கிறது, பூ வேலை அடக்கமாக இருக்கிறது. இங்கே ஒரு அங்குலம் விடாமல் ஜ்யாமிதி வடிவங்கள், சைப்ரஸ் மரங்கள், பூச்சாடிகள், பழங்கள், மதுக்குடுவைகள். பெரிய நகைப்பெட்டி ஒன்றை ஆத்தங்கரையில் வைத்தது போல. ஜன்னல்களுக்குப் பளிங்குச் சல்லடை. பிற்பகல் வெயில் அதன் வழியா தரையில் விழும்போது பேச்சு வராது. அங்கே பேசுறதுக்கு ஆளும் கிடையாது, அது வேற விஷயம்.

நடு மண்டபத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. சரியான மையத்தில் இருப்பது மிர்ஸா கியாஸின் கல்லறை இல்லை, அவர் மனைவி அஸ்மத் பேகத்தின் கல்லறை. அவர் முதலில், 1621-ல் இறந்தார். சில மாதங்களில் கணவர். அவருக்குப் பக்கத்தில் இடம். தாஜ்மகாலிலும் இதே கதைதான், மையத்தில் மும்தாஜ், ஓரமாக ஷாஜஹான்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், கறுப்பு தாஜ்மகால் கதையை நாம எல்லாரும் கேட்டிருப்போம். ஷாஜஹான் தனக்காக எதிர்க்கரையில் கறுப்புப் பளிங்கில் இன்னொரு தாஜ் கட்ட நினைச்சார், ஔரங்கசீப் கெடுத்துட்டார் என்று கைடுகள் சொல்வாங்க. எதிர்க்கரையில் ஷாஜஹான் தனக்கொரு கல்லறையைத் தொடங்கினார் என்று முதலில் எழுதி வைத்தவர் தாவர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி. தாஜுக்குள் ஷாஜஹான் கல்லறை மட்டும் சமச்சீர் கெட்டு ஓரமாக இருப்பதை ஆதாரமாகக் காட்டுவாங்க. அதே ஏற்பாடு ஏறக்குறைய நாற்பது வருஷம் முன்னாடியே மாமனார் குடும்பக் கல்லறையில் இருக்கு. மனைவி நடுவில், கணவர் பக்கத்தில். அப்போ அந்த வாதம் அங்கேயே படுத்துவிடுகிறது.

மீதியை முடித்து வைத்தது மெஹ்தாப் பாக். தாஜுக்கு நேர் எதிர்க்கரையில், அதே அச்சில் அமைந்த தோட்டம். பேருக்கு அர்த்தம் நிலாத் தோட்டம். 1990-களில் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்தது கறுப்புக் கல்லறையின் அஸ்திவாரம் இல்லை. எண்கோண வடிவில் ஒரு பெரிய குளமும், அதில் 25 நீரூற்றுகளுக்கான அமைப்பும். கறுப்பாகத் தெரிந்த கற்கள் காலத்தால் நிறம் மாறிய வெள்ளைக் கற்கள். தண்ணீர் நிறைந்த குளத்தில் தாஜின் நிழல் விழும்படி போட்ட தோட்டம் அது. வழக்கமாக முகலாயக் கல்லறை தோட்டத்தின் நடுவில் இருக்கும், தாஜ் மட்டும் தோட்டத்தின் ஓரத்தில் ஆற்றைத் தொட்டு நிற்கும். மெஹ்தாப் பாக்கையும் ஆற்றையும் சேர்த்துப் பார்த்தால் தாஜ் நடுவுக்கு வந்துவிடும். தாஜைப் பாதிதான் பார்த்துட்டு திரும்புறோம்னு எனக்குத் தோணினது அங்கே நின்னப்போதான்.

ஆறு சும்மா விடவில்லை. 1652-லேயே ஔரங்கசீப் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், மெஹ்தாப் பாக் வெள்ளத்தில் மூழ்கியதையும், தாஜின் கூரை மழையில் ஒழுகுவதையும் சொல்லியிருக்கார். 2023 ஜூலையில் 45 வருஷத்துக்குப் பிறகு யமுனை மறுபடி தாஜின் வெளிச்சுவரைத் தொட்டது. மற்ற நாட்களில் அந்த ஆற்றின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். 2016-ல் சாக்கடை நீரில் பெருகிய பூச்சிகளால் தாஜின் பின்சுவரில் பச்சைக் கறை படிந்ததே செய்தியானது. ஆத்துக்காகவே உருவான ஊர், ஆத்துக்கு முதுகு காட்டிட்டு நிற்குது.

இன்னொரு இடம் சீனி கா ரௌஸா. ஷாஜஹானின் மந்திரி அஃப்சல் கான் ஷிராஸியின் கல்லறை. 1639-ல் லாகூரில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். இவருடைய தம்பி அமானத் கான்தான் தாஜ்மகால் வாசல்களில் இருக்கும் அந்த எழுத்து வேலைக்குச் சொந்தக்காரர். கட்டடம் முழுக்க ஒரு காலத்தில் பளபளக்கும் வண்ண ஓடுகளால் மூடியிருந்தது. நீலம், மஞ்சள், பச்சை. இன்றைக்கு பெரும்பாலான ஓடுகள் உதிர்ந்து செங்கலும் காரையும் தெரிகிறது. நான் போனப்போ வாசலில் பசங்க கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்தாங்க. தம்பியின் எழுத்தைப் பார்க்க உலகமே வருது, அண்ணன் வீட்டு வாசலில் பந்து பொறுக்கக்கூட ஆள் பத்தலை.

எனக்கு உறைத்தது இதுதான். தாஜ்மகால் கணவன் மனைவிக்குக் கட்டியது, அதனால் காதல் சின்னம், அதனால் கூட்டம். மகள் அப்பா அம்மாவுக்குக் கட்டியதற்கு அப்படி ஒரு பட்டம் கிடைக்கவில்லை. நூர்ஜஹான் தன் பேரில் நாணயம் வெளியிட்டவர். 1627-ல் ஜஹாங்கீர் இறந்ததும், சொந்த அண்ணனே மருமகன் ஷாஜஹான் பக்கம் நிற்க, அதிகாரம் போய் லாகூரில் ஒதுங்கி 1645-ல் இறந்தார். ஜெயித்தவர் பாணியை எடுத்துக்கொண்டார், பேரையும் எடுத்துக்கொண்டார். வெள்ளைப் பளிங்கு என்றாலே ஷாஜஹான் என்று பாடப்புத்தகம் வரைக்கும் பதிஞ்சு போச்சு.

போறவங்களுக்கு ஒரு யோசனை. வெள்ளிக்கிழமை தாஜ்மகால் விடுமுறை. அன்னிக்கு ஆக்ராவில் மாட்டிக்கிட்டா வருத்தப்படாதீங்க. காலையில் ராம் பாக்கில் ஆரம்பிச்சு, சீனி கா ரௌஸா, இத்மாத் உத் தௌலா, மெஹ்தாப் பாக் என்று ஆற்றின் போக்கிலேயே தெற்கே இறங்கிக்கிட்டே வரலாம். ஒரு ஆட்டோ பேசிக்கிட்டா ஒரே நாளில் முடியும். மெஹ்தாப் பாக்கில் மட்டும் சாயங்காலம் கொஞ்சம் கூட்டம் சேரும், மத்த இடமெல்லாம் உங்களுக்கே. ஆட்டோக்காரர்கிட்ட ஒரு தடவையாவது 'இத்மாத் உத் தௌலா' என்று முழுப் பேரையும் சொல்லிப் பாருங்க. புரியலைன்னா மட்டும் பேபி தாஜ்.