கோல்–சுருள் தொகுதிப் பலபடிகளின் வரலாறு

ஒரே மூலக்கூறில் ஒரு பகுதி விறைப்பான கோலாகவும் மறுபகுதி நெகிழ்வான சுருளாகவும் அமைந்த பலபடி, கோல்–சுருள் தொகுதிப் பலபடி எனப்படும். ஈர்க்குச்சியின் நுனியில் நூலைக் கட்டியது போன்ற அமைப்பு இது. இரு பகுதிகளும் ஒன்றோடொன்று கலக்காதவை. வேதிப்பிணைப்பு இருப்பதால் பிரிந்து செல்லவும் முடியாதவை. ஆகவே அவை நானோமீட்டர் அளவில் தாமாகவே அடுக்கிக்கொள்கின்றன. இதுவே தன்னொழுங்கமைவு.

பின்னணி

பலபடி என்பது நீண்ட ஒரே சங்கிலி என்று ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1956இல் இரண்டு முக்கிய நிகழ்வுகள் நடந்தன. கரைசலில் கோல் வடிவ மூலக்கூறுகளின் செறிவு ஓர் அளவைத் தாண்டினால் அவை ஒரே திசையில் அணிவகுக்கும் என்று பால் ஃபுளோரி கோட்பாட்டின் வழியே காட்டினார். பெட்டியில் ஈர்க்குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் கொஞ்சமே கொள்ளும். நிறைய அடைக்க ஒரே திசையில் அடுக்க வேண்டும் அல்லவா? அதுபோலத்தான்.

அதே ஆண்டில் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில், போலந்தில் பிறந்த மைக்கேல் ஷ்வார்ட்ஸ் ‘உயிருள்ள பலபடி’களை அறிவித்தார். சோடியம் நாஃப்தலீனின் பச்சைக் கரைசல், ஸ்டைரீன் சேர்த்ததும் சிவந்தது. ஸ்டைரீன் தீர்ந்த பின்னும் சிவப்பு மறையவில்லை. சங்கிலியின் முனை வினைபுரியக் காத்திருந்தது. மேலும் ஸ்டைரீன் சேர்த்தால் சங்கிலி நீண்டது; ஐசோப்ரீன் சேர்த்தால் வேறொரு தொகுதி வளர்ந்தது.

கோலும் சுருளும் இணைதல்

கோட்பாடும் தொகுப்பு முறையும் ஒரே ஆண்டில் கிடைத்தும், இரண்டும் சேரக் காலம் பிடித்தது. விறைப்பான சங்கிலிகள் எளிதில் கரைவதில்லை. அவற்றின் நீளத்தைக் கட்டுப்படுத்துவதும் கடினம். 1970களில் பிரான்சில் கலோ குழுவினர், திருகு வடிவில் விறைத்து நிற்கும் பாலிபெப்டைடைக் கோலாகவும் பாலிபியூட்டாடையீனைச் சுருளாகவும் கொண்டு ஆராய்ந்தனர்.

1996இல் சென், தாமஸ், ஓபர், மாவ் ஆகியோர் பாலிஸ்டைரீனுடன் பாலி(ஹெக்சைல் ஐசோசயனேட்) கோலை இணைத்தனர். இரு பகுதிகளும் நெகிழ்வாக இருந்தால் கோளம், உருளை, தகடு போன்ற அமைப்புகளே வழக்கமாகத் தோன்றும். இங்கோ வளைந்து நெளிந்த அடுக்குகளும் அம்புமுனை வடிவங்களும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தன. கோல்கள் அணிவகுத்துச் சாய்ந்து நின்றதே காரணம்.

1998இல் சாம்சன் ஜெனெக்கேயும் சென்னும், கரைசலில் உருவான உள்ளீடற்ற கோளங்களுக்குள் ஃபுல்லரீன்களை அடைத்துக் காட்டினர். 2004இல் ஜப்பானில் யோகோசாவா குழுவும் அமெரிக்காவில் மெக்கல்லோ குழுவும், குறைகடத்தியான பாலிதயோபீனையும் முனையிலிருந்து ஒழுங்காக வளர்க்க முடியும் என்று காட்டின. இதனால் மின்னணுப் பயன்பாடுகளுக்கும் வழி திறந்தது.

தொகுப்பில் சங்கிலிகளின் நீளம் பிசகினால் அடுக்கும் பிசகும். எனவே தன்னொழுங்கமைவின் வரலாறு பெரும்பாலும் தொகுப்பு முறைகளின் வரலாறாகவே இருக்கிறது.