நொகோனா, டோத்தான் செயலிகளின் ஒப்பீடு

நொகோனா, டோத்தான் என்பன இன்டெல் நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டு நுண்செயலிகளின் குறிப்பெயர்கள் ஆகும். நொகோனா, சியோன் என்னும் வணிகப்பெயரில் பணிநிலையங்களுக்காகவும் வழங்கிகளுக்காகவும் விற்கப்பட்டது. டோத்தான், பென்டியம் எம் என்னும் வணிகப்பெயரில் மடிக்கணினிகளுக்காக விற்கப்பட்டது.

இவை இரண்டும் ஒரே நிறுவனத்தால், ஒரே ஆண்டில், ஒரே 90 நானோமீட்டர் உற்பத்தி முறையில் உருவாக்கப்பட்டவை. எனவே இவற்றுக்கிடையே காணப்படும் வேறுபாடுகள் பெரும்பாலும் வடிவமைப்புக் கொள்கையிலிருந்து எழுந்தவையாகும். செயலி ஒன்றின் திறனை அதன் கடிகார வேகத்தைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது என்பதற்கு இந்த ஒப்பீடு நல்லதோர் எடுத்துக்காட்டாக விளங்குகின்றது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் பணிநிலையச் செயலிகளும் மடிக்கணினிச் செயலியின் வழியைப் பின்பற்றியமை இதன் வரலாற்று முக்கியத்துவம் ஆகும்.

பின்னணி

2000 ஆம் ஆண்டு நவம்பரில் இன்டெல் நிறுவனம் பென்டியம் 4 செயலியை வெளியிட்டது. இதன் கட்டமைப்பு நெட்பர்ஸ்ட் எனப்பட்டது. கடிகார வேகத்தை ஆண்டுதோறும் உயர்த்திச் செல்வதே இதன் அடிப்படை நோக்கம் ஆகும். அக்காலத்தில் கணினி வாங்குவோரும் கிகாஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்தே செயலியை மதிப்பிட்டனர். நொகோனா இக்கட்டமைப்பின் 90 நானோமீட்டர்த் தலைமுறையைச் சேர்ந்தது. மேசைக் கணினிகளுக்கான பிரெஸ்காட் என்னும் பென்டியம் 4 செயலியின் உடன்பிறப்பு எனலாம்.

பென்டியம் எம் இதற்கு மாறான வழியில் உருவானது. இஸ்ரேலின் ஹைஃபா நகரிலுள்ள இன்டெல் வடிவமைப்பு மையம் இதனை உருவாக்கியது. மடிக்கணினியின் மின்கலமும் குறுகிய உட்புறமும் ஏற்கக்கூடிய வெப்பத்தின் அளவு முதலிலேயே வரையறுக்கப்பட்டு, அந்த எல்லைக்குள் இயன்ற அளவு வேலையைச் செய்து முடிப்பது இலக்காகக் கொள்ளப்பட்டது. பானியாஸ் என்னும் முதல் பதிப்பு 2003 மார்ச்சில் வெளிவந்தது. செயலி, சில்லுத்தொகுதி, கம்பியில்லா வலையமைப்பு அட்டை ஆகிய மூன்றும் சேர்ந்து சென்ட்ரினோ என்னும் பெயரில் விளம்பரப்படுத்தப்பட்டன. டோத்தான் 2004 மே மாதத்திலும், நொகோனா அதே ஆண்டு ஜூன் மாதத்திலும் வெளியாயின.

முதன்மை வேறுபாடுகள்

கீழுள்ள அட்டவணையில் 2004 ஆம் ஆண்டில் அறிமுகமான நொகோனா 3.6 கிகாஹெர்ட்ஸ் செயலியும், டோத்தான் 755 செயலியும் ஒப்பிடப்பட்டுள்ளன.

| கூறு | நொகோனா | டோத்தான் |
|---|---|---|
| கடிகார வேகம் | 3.6 கிகாஹெர்ட்ஸ் | 2.0 கிகாஹெர்ட்ஸ் |
| வெப்ப வடிவமைப்புத் திறன் | 103 வாட் | 21 வாட் |
| டிரான்சிஸ்டர்கள் | 12.5 கோடி | 14 கோடி |
| இரண்டாம் நிலைப் பதுக்கு நினைவகம் | 1 மெகாபைட் | 2 மெகாபைட் |
| முன்பக்கப் பாட்டை | வினாடிக்கு 80 கோடி பரிமாற்றங்கள் | வினாடிக்கு 40 கோடி பரிமாற்றங்கள் |
| கட்டளைத் தொகுதி | 64 பிட் | 32 பிட் |
| ஒரே பலகையில் பல செயலிகள் | இரண்டு | ஒன்று மட்டும் |
| ஹைப்பர் திரெடிங் | உண்டு | இல்லை |

நொகோனாவின் கடிகார வேகம் டோத்தானைப் போல 1.8 மடங்கு ஆகும். ஆனால் அதன் வெப்ப வடிவமைப்புத் திறனோ ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆகும். டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை மடிக்கணினிச் செயலியிலேயே கூடுதலாக உள்ளது என்பதும் கவனிக்கத்தக்கது. இவற்றில் பெரும்பகுதி அதன் பெரிய பதுக்கு நினைவகத்தில் அமைந்துள்ளது.

வெப்ப வடிவமைப்புத் திறன் என்பது செயலி எப்பொழுதும் உட்கொள்ளும் மின்திறன் அன்று. கடுமையான வேலையின்போது வெளியாகும் வெப்பத்தைக் குளிர்விப்பு அமைப்பு அகற்றுவதற்காகத் தயாரிப்பாளர் தரும் அளவே அதுவாகும்.

கடிகார வேகமும் உண்மையான வேகமும்

செயலியின் கடிகாரம் ஒரு வினாடியில் எத்தனை முறை துடிக்கின்றது என்பதையே கிகாஹெர்ட்ஸ் எண் குறிக்கின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை நடைபெறுகின்றது என்பதை அது கூறுவதில்லை. செயல்வேகம் என்பது இவ்விரண்டின் பெருக்கற்பலன் ஆகும்.

செயலிக்குள் ஒவ்வொரு கட்டளையும் தொழிற்சாலை ஒன்றின் உற்பத்தி வரிசையில் செல்லும் பொருளைப் போலப் பல கட்டங்களைக் கடந்து செல்கின்றது. இவ்வரிசை பைப்லைன் எனப்படும். கட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வொரு கட்டத்திலும் செய்ய வேண்டிய வேலை குறையும்; கடிகாரத்தை விரைவாக ஓட்டலாம். முதல் பென்டியம் 4 செயலியில் 20 கட்டங்கள் இருந்தன. பிரெஸ்காட், நொகோனா ஆகியவற்றில் இவை 31 ஆக உயர்த்தப்பட்டன.

இதில் ஒரு சிக்கல் உள்ளது. நிரல்களில் "இவ்வாறு இருந்தால் இதைச் செய், இல்லையெனில் அதைச் செய்" என்னும் கிளைப்புக் கட்டளைகள் அடிக்கடி வருகின்றன. விடை தெரியும் வரை காத்திராமல், செயலி ஒரு கிளையை ஊகித்து அதன் கட்டளைகளை வரிசைக்குள் அனுப்பி விடுகின்றது. ஊகம் தவறினால் வரிசையிலுள்ள அக்கட்டளைகளைத் தள்ளிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். வரிசை நீளமாக இருந்தால் இழப்பும் அதிகமாகும்.

பென்டியம் எம் செயலியின் பைப்லைன் பென்டியம் 4 இனுடையதை விடக் குறுகியது. மேலும், கிளைகளை ஊகிக்கும் பகுதி மேம்படுத்தப்பட்டது. சில நுண்கட்டளைகளை இணைத்து ஒன்றாகக் கொண்டு செல்லும் முறையும் சேர்க்கப்பட்டது. இதனால் வீணாகும் வேலை குறைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் நடைபெறும் வேலை கூடியது. பல அன்றாட மென்பொருள்களில் 2 கிகாஹெர்ட்ஸ் டோத்தான், தன்னைவிட மிகக் கூடிய கடிகார வேகம் கொண்ட பென்டியம் 4 செயலிகளுக்கு ஈடுகொடுத்தது.

மின்திறனும் வெப்பமும்

டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்குவதால் செலவாகும் மின்திறன், கடிகார வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் இருபடிக்கும் நேர்விகிதத்தில் அமைகின்றது. கடிகார வேகத்தை உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த நேர்வதால், வேகம் சிறிது கூடினாலும் வெப்பம் பெரிதும் கூடுகின்றது.

இதே விதியை எதிர்த்திசையில் பயன்படுத்தியதே ஸ்பீடுஸ்டெப் என்னும் நுட்பம் ஆகும். வேலை குறைவாக உள்ளபோது டோத்தான் 755 தனது வேகத்தை 2.0 கிகாஹெர்ட்ஸிலிருந்து 600 மெகாஹெர்ட்ஸுக்கும், மின்னழுத்தத்தை ஏறத்தாழ 1.34 வோல்ட்டிலிருந்து 0.988 வோல்ட்டுக்கும் குறைத்துக் கொள்ளும். மேற்கூறிய விதியின்படி கணக்கிட்டால், இயக்கத்துக்கான மின்திறன் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைகின்றது. வேகத்தை மட்டும் குறைத்திருந்தால் பத்தில் மூன்று பங்காகவே குறைந்திருக்கும்.

இயக்கத்துக்கான மின்திறனுடன் கசிவு மின்னோட்டமும் சேர்கின்றது. டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போதும் அதன் வழியே சிறிதளவு மின்னோட்டம் கசிகின்றது. 90 நானோமீட்டர் அளவில் இக்கசிவு பெரும் சிக்கலாக உருவெடுத்தது. உற்பத்தி அளவு சுருங்கும்போது மின்செலவும் குறையும் என்னும் பழைய எதிர்பார்ப்பு பிரெஸ்காட் தலைமுறையில் பொய்த்துப் போனது.

மடிக்கணினிக்கு இதன் பொருள் என்ன என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். 10.8 வோல்ட், 4.8 ஆம்பியர்-மணி கொண்ட மின்கலத்தில் ஏறத்தாழ 52 வாட்-மணி ஆற்றல் இருக்கும். 103 வாட் உட்கொள்ளும் செயலியை அது அரை மணிநேரம் மட்டுமே இயக்க முடியும். திரை, வன்தட்டு போன்றவற்றின் செலவு இதில் சேர்க்கப்படவில்லை. 21 வாட் எனில் அதே மின்கலம் செயலியை முழு வேகத்தில் ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் இயக்கும்.

பணிநிலையச் செயலியின் வலிமைகள்

மேற்கூறியவற்றைக் கொண்டு நொகோனாவைத் தாழ்ந்த செயலி எனக் கருதுவது தவறாகும். பணிநிலையங்களில் நடைபெறும் முப்பரிமாணப் படிம உருவாக்கம், பொறியியல் பகுப்பாய்வு, நிகழ்படத் தொகுப்பு போன்ற வேலைகளுக்கு அது பின்வரும் வசதிகளைக் கொண்டிருந்தது.

* 64 பிட் முகவரியிடல். ஒரே நிரல் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தை நேரடியாகப் பயன்படுத்த இது வழிசெய்தது. டோத்தானில் இவ்வசதி இல்லை.
* நினைவகப் பட்டையகலம். 64 பிட் அகலமுள்ள பாட்டையில் நொகோனா வினாடிக்கு 6.4 கிகாபைட் தரவைப் பெறலாம். டோத்தானுக்கு இது 3.2 கிகாபைட் ஆகும்.
* இரட்டைச் செயலி அமைப்பு. ஒரே பலகையில் இரண்டு செயலிகளைப் பொருத்தி வேலையைப் பகிர்ந்தளிக்கலாம்.
* பிழைதிருத்தும் நினைவகம். நினைவகத்தில் ஒரு பிட் தானாக மாறிவிட்டால் அதைக் கண்டறிந்து திருத்துவதால், பல மணிநேரம் ஓடும் கணக்கீடுகளின் விடையில் நம்பிக்கை வைக்க முடியும்.

நிகழ்படச் சுருக்கம் போன்ற வேலைகளில் ஒரே வகைக் கணக்கீடு நீண்ட தரவு வரிசையின்மீது மீண்டும் மீண்டும் செய்யப்படுகின்றது. கிளைப்புகள் குறைவாக இருப்பதால் நீண்ட பைப்லைன் இங்கு பெரிய குறையாவதில்லை. உயர்ந்த கடிகார வேகமும் பட்டையகலமும் இத்தகைய வேலைகளில் முழுப் பயன் தந்தன.

பின்விளைவுகள்

டோத்தான் வெளியான 2004 மே மாதத்திலேயே, நெட்பர்ஸ்ட் வழியில் அடுத்து வரவிருந்த தேஜாஸ் செயலித் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 செயலியை வெளியிடும் திட்டமும் அவ்வாண்டு அக்டோபரில் கைவிடப்பட்டது. செயலிகளைக் கடிகார வேகத்தால் அன்றி மாதிரி எண்களால் அழைக்கும் முறையையும் இன்டெல் அவ்வாண்டிலேயே தொடங்கியது. டோத்தானின் 755 என்னும் எண் அவ்வகையைச் சேர்ந்ததே. 2 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒன்று 3 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு இணையானது என வாங்குவோருக்கு விளக்க வேண்டிய நிலையில், பழைய எண் நிறுவனத்துக்கே தடையாக இருந்தது.

மடிக்கணினிச் செயலியை மேசைக் கணினியில் பயன்படுத்தும் ஆர்வமும் எழுந்தது. 2005 ஆம் ஆண்டில் ஆசஸ் நிறுவனம், பென்டியம் எம் செயலியைத் தனது சில பென்டியம் 4 தாய்ப்பலகைகளில் பொருத்த உதவும் சிடி-479 என்னும் இணைப்பியை வெளியிட்டது.

2006 மார்ச்சில், கோர் டுவோ என்னும் இரட்டைக்கரு மடிக்கணினிச் செயலியின் வடிவமைப்பு, சியோன் எல்வி என்னும் பெயரில் வழங்கிகளுக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் வெளியான நெட்பர்ஸ்ட் வகை இரட்டைக்கருச் சியோன், 3.73 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் 130 வாட் வெப்ப வடிவமைப்புத் திறனைக் கொண்டிருந்தது. அடுத்த மாதமே வெளியான வுட்கிரெஸ்ட் என்னும் சியோன் 5160, 3.0 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் 80 வாட்டுக்குள் அடங்கியது. 14 கட்டப் பைப்லைன் கொண்ட இதன் கோர் கட்டமைப்பு, பென்டியம் எம் வழியில் வந்ததாகும். 64 பிட், இரட்டைச் செயலி அமைப்பு, பிழைதிருத்தும் நினைவகம் ஆகிய பணிநிலைய வசதிகளும் இதில் இருந்தன. இதன் பின்னர் நெட்பர்ஸ்ட் படிப்படியாக வழக்கொழிந்தது.

இத்தகைய மாற்றம் வேறொரு நிறுவனத்திலும் நிகழ்ந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டு மேக் ப்ரோ பணிநிலையம் இன்டெல் சியோன் டபிள்யூ செயலியில் இயங்கியது. 2023 ஜூனில் அறிவிக்கப்பட்ட மேக் ப்ரோவில் அதற்குப் பதிலாக எம்2 அல்ட்ரா இடம்பெற்றது. இது மேக்புக் ப்ரோ மடிக்கணினியில் பயன்பட்ட எம்2 மேக்ஸ் சில்லுகள் இரண்டை இணைத்து அமைக்கப்பட்டதாகும். இங்கும் ஓர் இழப்பு இருந்தது. 2019 ஆம் ஆண்டு மாதிரியில் 1.5 டெராபைட் வரை நினைவகம் பொருத்த முடிந்தது. 2023 ஆம் ஆண்டு மாதிரியின் உச்ச அளவு 192 கிகாபைட் மட்டுமே.

ஆகவே ஒரு பணிநிலையச் செயலியையும் மடிக்கணினிச் செயலியையும் ஒப்பிடும்போது கடிகார வேகத்துடன், ஒரு துடிப்பில் நடைபெறும் வேலை, வெப்ப எல்லை, நினைவகத்தின் அளவும் பட்டையகலமும், செய்ய வேண்டிய வேலையின் தன்மை ஆகியவற்றையும் சேர்த்தே கருத்திற்கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* நுண்செயலி
* பதுக்கு நினைவகம்
* மடிக்கணினி
* பென்டியம் 4