அளக்கும் கருவியும் அளக்கப்படும் மின்னோட்டமும்



அம்மீட்டரைச் சுற்றில் தொடராக இணைக்க வேண்டும். அதன் மின்தடை மிகக் குறைவாக இருத்தல் வேண்டும் என்று இடைநிலைப்பள்ளி இயற்பியலில் நம் பிள்ளைகள் படிக்கின்றனர். அளக்க வந்த கருவி மின்னோட்டத்தைக் குறைத்துவிடலாகாது என்பதே அதன் காரணம். மின்விளக்குச் சுற்றுக்கு இவ்விதி போதும். பிக்கோ ஆம்பியர் அளவுக்கு இறங்கினால் நிலைமை வேறு. ஓர் ஆம்பியரை இலட்சம் கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கே பிக்கோ ஆம்பியர். அதில் வினாடிக்கு ஏறத்தாழ 62 இலட்சம் எலக்ட்ரான்கள் மட்டுமே கடக்கின்றன.

இத்தகைய சிற்றோட்டத்தை இலட்சம் கோடி ஓம் மின்தடை வழியே செலுத்தினால்தான் ஒரு வோல்ட் கிடைக்கும். ஆனால், மின்மூலத்தால் அரை வோல்ட்டே தர இயலுமாயின் என் செய்வது? அந்த ஒரு வோல்ட் தோன்ற வழியே இல்லை. கருவியே மின்னோட்டத்தை நெரித்துவிடுகிறது.

இதற்கான விடை, அளவியல் கூடத்திலன்றித் தொலைபேசித் துறையில் பிறந்தது என்பது வியப்புக்குரியது. தொலைதூரத் தொலைபேசித் தடத்தில் வழியெங்கும் பெருக்கிகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு பெருக்கியும் குரலைச் சிறிது திரித்தது. பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரோல்ட் பிளாக் இச்சிக்கலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். 1927 ஆகஸ்டு 2 அன்று காலை, ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் பணிக்குச் செல்கையில் அவருக்கு விடை தோன்றியது. பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்கே எதிராகத் திருப்பி அனுப்ப வேண்டும்! கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழ்த் தாளிலேயே அதை வரைந்தார். பாடுபட்டுப் பெற்ற பெருக்கத்தைத் தாமே குறைத்துக்கொள்வதா என்று பலர் ஐயுற்றனர். 1928இல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1937இல்தான் கைக்கு வந்தது.

எதிர்ப் பின்னூட்டம் எனப்படும் இம்முறை அளவுகருவிக்குள் செய்யும் வேலையைப் பாருங்கள். அதே பெரிய மின்தடையை உள்ளீட்டுக்கும் நிலத்துக்கும் இடையே வைக்காமல், பெருக்கியின் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே இணைக்கின்றனர். மின்னோட்டம் நுழைந்து உள்ளீடு சற்றே உயர முயன்றவுடன், வெளியீடு எதிர்த்திசையில் இறங்கி அம்மின்னோட்டத்தை மின்தடை வழியே இழுத்துக்கொள்கிறது. ஒரு வோல்ட் வெளியீட்டில் தோன்றும். பெருக்கம் ஓர் இலட்சம் மடங்காயின், மின்மூலத்தின்மீது விழும் சுமை 10 மைக்ரோ வோல்ட் மட்டுமே. நம் பாடநூல் கூறும் 'மின்தடையற்ற அம்மீட்டர்' ஏறக்குறைய இங்குதான் மெய்ப்படுகிறது எனலாம்.

1947இல் ராகசினியும் உடன் பணியாற்றிய இருவரும் எழுதிய கட்டுரை இத்தகைய பெருக்கிக்குச் 'செயற்பாட்டுப் பெருக்கி' என்னும் பொருளில் பெயரிட்டது. பின்னூட்டப் பாதையில் எதை வைக்கிறோமோ அதுவே கருவியின் செயலைத் தீர்மானிக்கிறது. எனவே, நுண்மின்னோட்டம் அளக்கும் எலக்ட்ரோமீட்டர்கள் சிலவற்றில் அப்பாதையைப் பயனர் கைக்கே விட்டுவிட்டனர். 1946இல் ஜோசப் கீத்லி கிளீவ்லாந்தில் தொடங்கிய நிறுவனத்தின் பின்னாளைய கருவிகள் இதற்கு எடுத்துக்காட்டு. கருவிக்கு வெளியே மின்தடையை இணைத்தால் விரும்பிய அளவு வீச்சு அமையும். மின்தேக்கியை இணைத்தால் மின்னூட்டம் சேர்ந்துகொண்டே போகும்: 100 பிக்கோ ஃபாரட் மின்தேக்கியில் ஒரு பிக்கோ ஆம்பியர், வினாடிக்கு 10 மில்லி வோல்ட் ஏற்றம் தரும். தக்க டையோடையோ டிரான்சிஸ்டரையோ இணைத்தால் மடக்கை அளவு கிடைக்கும். மின்னோட்டம் பத்து மடங்காகும்போதெல்லாம் வெளியீடு அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 60 மில்லி வோல்ட் நகரும். கோடி மடங்கு வேறுபடும் மின்னோட்டங்களும் இவ்வாறு ஒரே அளவுகோலில் அடங்குவது அழகுதான்!

இச்சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. வெளியே இணைத்த உறுப்பை உலோகப் பெட்டிக்குள் மறைக்காவிடில், அருகில் ஒருவர் கையசைத்தாலே அளவு ஆடும். காப்புப்பொருளின்மீது விரல் கறை படிந்தால் கசிவு மின்னோட்டம் தொடங்கிவிடும். நம் நாட்டு ஈரக்காற்றில் இது இன்னும் மோசமாகும். இலட்சம் கோடி ஓம் மின்தடையின் இரு முனைகளுக்கிடையே ஒரே ஒரு பிக்கோ ஃபாரட் தேங்குதிறன் ஒளிந்திருந்தாலும், கருவி ஒரு வினாடி அளவுக்குப் பின்தங்கும். சரியான அளவைப் படிக்க ஐந்து வினாடியாவது காத்திருத்தல் வேண்டும்.