எங்க ஊர் மைன்ஸும் கூடங்குளத்துக் கழிவும்

கே.ஜி.எஃப் என்றால் இப்போது எல்லோருக்கும் சினிமாதான் ஞாபகம் வருகிறது. எங்கள் பேங்கில் கூட வேலை பார்க்கும் ஒருவர், நான் அந்த ஊர்க்காரன் என்று தெரிந்ததும், "நிஜமாவே அப்படி ஒரு ஊர் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது சார். மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், கோரமண்டல், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று எல்லாமே இருக்கிறது. ஒன்றரை லட்சம் ஜனம் இருக்கிறது. அந்த ஜனங்களை மறந்துவிட்டு டெல்லியில் ஒரு பதில் எழுதப்பட்ட கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். இது எந்த சினிமாவிலும் வரவில்லை.

2012 நவம்பர். நான் டொராண்டோ வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. விடியற்காலையில் அம்மாவிடமிருந்து போன்.

"டேய், கூடங்குளத்துல இருந்து ஏதோ விஷக் குப்பைய எடுத்தாந்து நம்ம மைன்ஸ்ல கொட்டப் போறாங்களாமே. உங்கப்பா எறங்கின குழியிலயாடா?"

அதெல்லாம் வதந்தியாக இருக்கும், நீ பயப்படாதே என்று சொல்லி போனை வைத்தேன். கம்ப்யூட்டரைத் திறந்து செய்தி படித்ததும்தான் வதந்தி இல்லை என்று தெரிந்தது.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரை மக்கள் போராடிக் கொண்டிருந்த நேரம் அது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பைச் சேர்ந்த ஜி. சுந்தர்ராஜன் தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்து கொண்டிருந்தது. உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை, அதன் கழிவைக் கடைசியில் எங்கே வைப்பீர்கள் என்பது அங்கே எழுந்த கேள்விகளில் ஒன்று. பல ஆயிரம் வருஷத்துக்குக் கதிர்வீச்சு போகாத சரக்கு. அரசுத் தரப்பு சொன்ன பதிலில், பூமிக்கு அடியில் ஆழமாகப் புதைப்பது என்ற பேச்சோடு கோலாரின் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம் என்ற பெயரும் வந்துவிட்டது.

ஏன் எங்க ஊர்? காரணம் இல்லாமல் இல்லை. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880-ல் வந்து தோண்ட ஆரம்பித்த சுரங்கங்கள் அவை. போகப் போக 3 கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டன. உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்துக்காகவே விஞ்ஞானிகள் தேடி வந்தார்கள். 1965-ல் வானத்திலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தை எங்க ஊர் சுரங்கத்தில்தான் பதிவு செய்தார்கள். பிறகு 80-களில் அணுசக்தித் துறை, சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் ஓர் அறையில் பாறையைச் சூடாக்கிப் பார்த்தது. கழிவின் சூட்டைப் பாறை எப்படித் தாங்கும் என்று தெரிந்துகொள்ள நடந்த சோதனை. கழிவு எதையும் கொண்டு வந்து வைக்கவில்லை, சூடு மட்டும்தான். அந்தப் பழைய சோதனைதான் கோலார் என்ற பெயரை ஃபைலில் உட்கார வைத்தது.

நான் பி.காம் படித்தவன். தேய்மானம் கழித்துக் கழித்து, ஒரு மெஷினின் புத்தக மதிப்பு பூஜ்யமாகி விட்டால் அதைக் கணக்கிலிருந்து எடுத்து விடுவோம். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது எங்க ஊரையும் யாரோ அப்படி எடுத்துவிட்டார்கள் என்றுதான் அந்தச் செய்தியைப் படித்தபோது தோன்றியது. 'கைவிடப்பட்ட சுரங்கம்' என்பது சரி. கைவிட்டது யார், அதற்கு மேலே குடியிருப்பது யார் என்று அந்த வார்த்தை சொல்லாது.

சொல்ல வேண்டியவர்கள் ரோட்டுக்கு வந்து சொன்னார்கள். செய்தி வந்த சில நாட்களில் ஊரே கொதித்தது. பந்த், ஊர்வலம், மறியல் எல்லாம் நடந்தது. கட்சி வித்தியாசம் இல்லை, தமிழ், கன்னடம், தெலுங்கு வித்தியாசமும் இல்லை. அப்போது முதல்வராக இருந்த ஜெகதீஷ் ஷெட்டரின் மாநில அரசும் எதிர்ப்பு தெரிவித்தது. எங்க ஊருக்கு இது புதுசும் இல்லை. 1930-ல் கைரேகை வைக்கச் சொன்னதை எதிர்த்து மூன்று வாரம் மொத்த மைன்ஸையும் நிறுத்தினவர்கள். 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேரைப் பறிகொடுத்தவர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரிப் பக்கமிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்து, பூமிக்குள் இறங்கிய தலித் குடும்பங்கள்தான் அதில் பெரும்பகுதி. எங்கள் தாத்தாவும் அப்படி வந்தவர்தான்.

அந்த மக்களின் பயத்தை 'படிக்காதவர்கள் பயம்' என்று ஒதுக்க முடியாது. விஷக் கழிவு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சிய மண், மூன்று கோடி டன்னுக்கு மேல், மலை மலையாக ஊர் நடுவே கிடக்கிறது. நாங்கள் அதைச் சயனைடு மலை என்போம். காற்றடிக்கிற மாசத்தில் அந்தத் தூசி சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். மைன்ஸுக்குள்ளே பாறை வெடிப்பு சகஜம். வெடித்தால் லைன் வீட்டில் பாத்திரம் ஆடும். மூடிய பிறகு சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பிவிட்டது. வருஷம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத, போர் தண்ணீரையும் ஏரியையும் நம்பியிருக்கிற ஜில்லா அது. அந்தத் தண்ணீர் நிரம்பிய, ஆடுகிற பாறைக்குள் அணுக்கழிவா என்று கேட்பதற்குப் பட்டம் எதற்கு?

கடைசியில், கோலாரில் கழிவைப் புதைக்கும் திட்டமே இல்லை, அங்கே நடந்தது பழைய ஆய்வு மட்டும்தான் என்று அணுசக்தித் துறை விளக்கம் கொடுத்தது. ஊர் அடங்கியது. 2013 மே 6-ம் தேதி வந்த தீர்ப்பு கூடங்குளம் உலைக்குப் பச்சைக்கொடி காட்டியது. ஆனால் ஆழ்நிலக் கிடங்கை விரைவில் அமைக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்தியாவில் இன்றுவரை அப்படி ஒரு கிடங்கு கிடையாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அதே 2012-ல், ஸ்கார்பரோவில் ஒரு பிறந்தநாள் விருந்தில், நாகர்கோவில் பக்கத்து அண்ணன் ஒருவரோடு நான் வாக்குவாதம் செய்திருந்தேன். தமிழ்நாட்டில் பத்து மணி நேரம் மின்வெட்டு, கரண்ட் வேண்டாமா, கழிவை எங்கேயாவது ஓரிடத்தில் வைத்துத்தானே ஆகணும் என்று பெரிய அறிவாளி மாதிரி பேசினேன். அம்மா போன் செய்த வாரம் அந்த அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கேலி செய்யவில்லை.

"தம்பி, அந்த எங்கேயாவதுங்கிறது யாரோ ஒருத்தர் ஊர்தான். உங்க ஊருக்கு அனுப்பச் சொல்லி நாங்க கேக்கலப்பா."

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பழைய சுரங்கத்தில் கழிவை வைப்பது ஜெர்மனியில் நடந்தே இருக்கிறது. அஸ்ஸே என்ற கைவிடப்பட்ட உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 பீப்பாய்களை இறக்கினார்கள். அதெல்லாம் குறைந்த, நடுத்தரக் கதிர்வீச்சுள்ள கழிவுதான். தண்ணீர் வராது என்றார்கள், வந்தது. தினமும் ஆயிரக்கணக்கான லிட்டர் உப்புத் தண்ணீர் கசிகிறது. எல்லாவற்றையும் திரும்ப வெளியே எடுப்பதற்கு 2013-ல் சட்டமே போட வேண்டி வந்தது.

இங்கே நம் ஒன்டாரியோவைப் பாருங்கள். ஸ்கார்பரோவில் இருக்கிற நம் ஆட்கள் பலரின் வீட்டுக்குப் பக்கத்தில்தான் பிக்கரிங் அணுமின் நிலையம். பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு அயோடின் மாத்திரை கொடுப்பார்கள், எங்கள் வீட்டு டிராயரிலும் ஒரு பாக்கெட் கிடக்கிறது. அந்தக் கழிவுக்கும் இடம் தேடினார்கள். 2010-ல் தேட ஆரம்பித்து, 2024 நவம்பர் 28-ம் தேதி முடிவு செய்தார்கள். வடமேற்கு ஒன்டாரியோவில் இக்னஸ் என்ற சின்ன ஊர் ஓட்டுப் போட்டது. வாபிகூன் லேக் பூர்வகுடிகளும் ஓட்டெடுத்தார்கள். இரண்டு இடத்திலும் சரி என்று வந்த பிறகுதான் முடிவு. அந்த வட்டாரத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன், எதிர்ப்பு இருக்கிறது. ஆனாலும் கேட்டார்கள். பதினாலு வருஷம் கேட்டார்கள். எங்க ஊருக்கு அந்தச் செய்தி பேப்பரில்தான் வந்தது.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். தங்கம் விலை ஏறியதும் அந்தச் சயனைடு மலைக்கும் மவுசு வந்துவிட்டது. மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க, சுமார் 1,000 ஏக்கரில் உள்ள 13 மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. 2012-ல் குப்பைத்தொட்டி, 2024-ல் புதையல். கணக்குப் புத்தகத்தில் இரண்டு பக்கத்திலும் எங்க ஊர் வந்துவிட்டது. மேட்டைக் கிளறினால் கிளம்பும் தூசி யார் தட்டில் விழும் என்று கேட்கிற வரிதான் இன்னும் எழுதப்படவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் இந்த ஏலத்தைப் பற்றிச் சொன்னேன். "தங்கம் எடுத்தா எடுக்கட்டும், நம்ம பசங்களுக்கு வேலை குடுப்பாங்களா? துணிய வெளிய காயப்போடலாமா? அத மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார்.

யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை. உங்களில் கே.ஜி.எஃப் குடும்பங்கள் யாராவது இருந்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 2012 நவம்பரைப் பற்றிக் கேட்டு எழுதி வையுங்கள். நம் பிள்ளைகளுக்கு சினிமாவை விட்டால் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லாமல் போய்விடக் கூடாது.