பினே–சிமோன் அளவுகோலின் தோற்றம்

பிரான்சில் 1882 ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 13 வயது வரையிலான சிறுவர்களுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கியது. இதனால் பாடத்தைப் பின்தொடர இயலாத குழந்தைகளும் வகுப்பறைக்கு வந்தனர். அவர்களுக்கான கல்வி குறித்து ஆராய 1904 இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் உறுப்பினரான உளவியலாளர் ஆல்பிரட் பினே, மருத்துவர் தியோடர் சிமோனுடன் இணைந்து 1905 இல் 30 சோதனைகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார். 1908 இல் இச்சோதனைகள் வயதுவாரியாக வகுக்கப்பட்டன.

தனி உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே இதன் நோக்கமாகும். அறிவுத்திறன் மாறாதது என்னும் கருத்தை பினே 1909 இல் வெளியிட்ட நூலில் மறுத்தார்; பயிற்சியால் கவனமும் நினைவாற்றலும் வளரும் என்றார். ஆனால் அமெரிக்காவில் இவ்வளவுகோல் பிறவித் திறனை அளக்கும் கருவியாகவே பெரிதும் கையாளப்பட்டது. பின்தங்கிய குழந்தைக்கு உதவ எழுந்த சோதனை, அக்குழந்தையை ஒதுக்கவும் பயன்பட்டது.