நாலாவது சர்வருக்கு இடமில்லை

கொடைக்கானலில் மழைக்காலம் என்றால் எங்கோ ஒரு மரம் சாயும், கேபிள் அறுபடும். அதற்காகவே என் சிறிய லினக்ஸ் சர்வருக்கு ஒரு ஃபைபர் லைன், ஒரு மொபைல் லைன் என்று இரண்டு வைத்திருந்தேன். போன மழையில் ஃபைபர் போச்சு. மொபைலுக்கு மாற்றினேன். இணைப்பு இருக்கு, ஆனால் ஒவ்வொரு பெயரையும் தேட பல நொடிகள் ஆச்சு.

ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்தால் நாலு டிஎன்எஸ் முகவரிகள், லைனுக்கு இரண்டு. மூன்றாவதுக்குக் கீழே ஓர் எச்சரிக்கை: சர்வர்கள் அதிகம், இனி வருபவை புறக்கணிக்கப்படலாம். மாதக்கணக்கா அங்கேயே இருந்திருக்கு. நான்தான் படிக்கவில்லை.

அதென்ன மூன்று? 1983-க்கு முன் இணையத்துக் கணினிப் பெயர்களெல்லாம் ஒரே கோப்பில் இருந்தன; கலிபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனம் பராமரித்தது. அது கட்டுக்கடங்காமல் போகவே, 1983 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை முன்வைத்தார். அடுத்த ஆண்டு பெர்க்லி மாணவர்கள் நாலு பேர் யூனிக்ஸுக்காக பைண்ட் எழுதினார்கள். அந்த பெர்க்லி நிரலின் வழியில் வந்ததுதான் "மூன்று சர்வர் போதும்" என்ற வரம்பு. ஒரு கணினிக்கு ஒரே நெட்வொர்க் என்றிருந்த காலத்தில் அது தாராளம்தான். 2017-ல் வந்த ஜிலிப்சி 2.26, தேடல் டொமைன்களுக்கு இருந்த ஆறு என்ற வரம்பை எடுத்துவிட்டது. மூன்று மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இப்போ என் கதை புரியும். முதல் இரண்டும் ஃபைபர் நிறுவனத்தின் சர்வர்கள். வேறு லைன் வழியா வரும் கேள்விக்கு அவை பதில் தரலை. முதல் சர்வருக்கே 5 நொடி காத்திருப்பு, அப்புறம்தான் அடுத்தது. உயிரோடு இருந்த இரண்டில் ஒன்று மூன்றாமிடத்தில், மற்றது கணக்கிலேயே இல்லை.

தீர்வு சின்னதுதான். சிஸ்டம்டி-ரிசால்வ்டு லைன்வாரியா சர்வர்களை வைத்துக்கொள்ளும், பதில் தராததை விட்டு அடுத்ததுக்கு மாறும், நாலையும் கணக்கில் எடுக்கும். எப்பவோ ஒரு அவசரத்தில் அதைத் தாண்டிப்போக, கோப்பின் இணைப்பை நானே மாற்றி வைத்திருந்தேன். 127.0.0.53 இருக்கும் ஸ்டப் கோப்புக்கே திருப்பினேன். ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் போட்டுப் பார்த்தேன், நாலும் தெரிந்தன.

இதே ஊர் வானாய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வருகிறது. எடுத்ததை யாராவது பார்த்தால்தான் பதிவுக்குப் பயன். என் சர்வரும் ஒழுங்காத்தான் எழுதி வைத்திருந்தது. உங்கள் கோப்பையும் வெயில் காலத்திலேயே ஒருமுறை திறந்து பாருங்கள்.